வாசகர் கேள்வி – பதில்: வால்மீன் வந்து மோதினால்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வால்மீனைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன், நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2025-இல் வந்த 3ஐ/அட்லஸ் வால்மீன் பூமியை மோத வந்து கடைசி நேரத்தில் விலகிவிட்டது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அது வேற்றுக்கிரகத்தாரின் கப்பல் என்றது இன்னொரு வீடியோ. எதை நம்புவது?

இரண்டையும் விட்டுவிடுங்கள். 2025 ஜூலை 1 அன்று சிலி நாட்டில் இருக்கும் அட்லஸ் தொலைநோக்கி அதைக் கண்டுபிடித்தது. ஓரிரு நாளிலேயே பாதையைக் கணக்குப் போட்டுவிட்டார்கள். பூமிக்கு மிக அருகில் அது வந்தது டிசம்பர் 19-ஆம் தேதி. அப்போதும் ஏறக்குறைய 27 கோடி கிலோமீட்டர் தள்ளித்தான் இருந்தது. சூரியனே நமக்கு 15 கோடி கிலோமீட்டரில்தான் இருக்கிறது. முதல் நாள் கணக்கிலேயே நம் பக்கம் வராத ஒன்று கடைசி நாளில் எங்கிருந்து விலகும்?

கப்பல் விவகாரத்துக்கும் அதே கதிதான். அதைச் சூழ்ந்த மூட்டத்தில் கார்பன் டை ஆக்சைடு நிறைய இருந்ததை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்தது. சூரியனை நெருங்க நெருங்கப் பனி ஆவியாகித் தூசியைக் கிளப்பியது. வால்மீன்கள் காலம் காலமாகச் செய்துவரும் வேலை அது.

உண்மையில் ஆச்சரியப்பட வேண்டிய விஷயத்தை அந்த வீடியோக்கள் ஓரத்தில் தள்ளிவிட்டன. 2017-இல் வந்த ஓமுவாமுவா, 2019-இல் வந்த போரிசோவ், அப்புறம் இது. வேறொரு விண்மீனின் குடும்பத்திலிருந்து வந்ததாக நாம் அடையாளம் கண்டவை இந்த மூன்றுதான். சூரியனால் பிடித்து நிறுத்த முடியாத வேகத்தில் வந்தது, அதே வேகத்தோடு போய்க்கொண்டிருக்கிறது. சூரியன் பிறப்பதற்கு முன்பே உருவான பனி அதில் இருக்கலாம் என்று வேகத்தையும் வந்த திசையையும் வைத்துக் கணித்திருக்கிறார்கள். நம் மேல் வந்து விழவில்லை என்பதால் அதன் சுவாரசியம் குறைந்துவிட்டதாக வீடியோ போடுகிறவர்கள் நினைக்கிறார்கள் போல.

புத்தகங்களில் இருப்பதெல்லாம் வரைந்த படங்கள்தான். நிஜமாகவே ஒரு வால்மீன் ஒரு கோளில் மோதியதை யாராவது பார்த்திருக்கிறார்களா சார்? நான் பதினோராம் வகுப்பு படிக்கிறேன்.

பார்த்திருக்கிறார்கள் தம்பி. உலகமே பார்த்தது. நீ பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு, 1994 ஜூலையில்.

கதை 1993 மார்ச் 24 இரவில் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவின் பாலமர் மலையில் கரோலின் ஷூமேக்கர், அவர் கணவர் யூஜின் ஷூமேக்கர், டேவிட் லெவி ஆகியோர் வானத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேகமூட்டம். நல்ல ஃபிலிமை வீணாக்க மனம் வரவில்லை. யாரோ பெட்டியைத் திறந்ததில் ஓரங்களில் வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போன ஃபிலிம் கொஞ்சம் மீதி இருந்தது. அதைப் போட்டு எடுத்தார்கள். கழுவிப் பார்த்தால் வியாழனுக்குப் பக்கத்தில் ஒரு கோடு. நசுங்கிய வால்மீன் மாதிரி இருக்கிறது என்றார் கரோலின். பெரிய தொலைநோக்கிகளைத் திருப்பிப் பார்த்தபோது அது வரிசையாகப் போகும் பல துண்டுகள் என்று தெரிந்தது. முந்தைய ஆண்டு ஜூலையில் வியாழனை உரசிக்கொண்டு போனபோது அதன் ஈர்ப்பு அந்த வால்மீனைப் பிய்த்துப் போட்டிருந்தது. பாதையைக் கணக்கிட்டவர்களுக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி காத்திருந்தது: எல்லாத் துண்டுகளும் அடுத்த சுற்றில் நேராக வியாழனுக்குள் விழப் போகின்றன. ஓராண்டுக்கும் மேலான முன்னறிவிப்போடு நடந்த மோதல் அது.

ஜூலை 16 முதல் 22 வரை ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன, ஒவ்வொன்றும் வினாடிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில். நமக்குத் தெரியாத பக்கத்தில், விளிம்புக்குச் சற்றே அப்பால்தான் விழுந்தன. வியாழனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கலிலியோ விண்கலம் மட்டும் நேரடியாகப் பார்க்கும் கோணத்தில் இருந்தது. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடும் என்பதால் விழுந்த இடம் சீக்கிரமே நம் பக்கம் திரும்பிவிடும்.

ஒன்றும் தெரியாது, கல் தண்ணீரில் விழுந்த மாதிரி அமுங்கிவிடும் என்று சொன்ன நிபுணர்களும் இருந்தார்கள். நானும் அதிகம் எதிர்பார்க்கவில்லை. என்னிடம் இருந்தது கண்ணாடி சற்றே மங்கிய ஒரு சின்னத் தொலைநோக்கி. அதில் வியாழனின் இரண்டு பட்டைகள் தெரியும், பக்கத்தில் நான்கு நிலாக்கள் தெரியும், அவ்வளவுதான். அன்று காற்று நிலையாக இல்லை. கோளின் விளிம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. கண்ணை எடுக்காமல் காத்திருந்தேன். ஒரு நொடி காற்று அசையாமல் நின்றது. அந்த நொடியில் தென்பகுதியில், என் கருவியில் எல்லாம் தலைகீழ் என்பதால் மேல் பக்கமாக, கன்னங்கரேலென்று ஒரு புள்ளி. வியாழனின் பேர்போன செம்புள்ளியையே அந்தக் கருவியில் நான் சிரமப்பட்டுத்தான் பார்ப்பேன். இதற்கு எந்தச் சிரமமும் வேண்டியிருக்கவில்லை.

'ஜி' என்று பெயரிட்ட துண்டு ஜூலை 18 அன்று விழுந்து ஏற்படுத்திய கறை சுமார் 12,000 கிலோமீட்டர் அகலம். பூமியின் விட்டமே 12,742 தான். அந்தக் கறைகள் கரைந்து மறையப் பல மாதம் ஆயிற்று.

அதே வால்மீன் பூமியில் விழுந்திருந்தால்?

இந்தக் கடிதம் எழுதும் பழக்கமே இந்த உலகத்தில் இருந்திருக்காது. 'ஜி' துண்டு வெளிப்படுத்திய ஆற்றல் சுமார் 60 லட்சம் மெகா டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். உலகிலுள்ள அணுகுண்டுகள் அனைத்தும் சேர்ந்தாலும் அதில் பல நூறில் ஒரு பங்குதான். ஆனால் ஒன்று: வியாழனின் ஈர்ப்பு இழுத்ததால்தான் 60 கிலோமீட்டர் வேகம் வந்தது. பூமிக்கு அந்த அளவு இழுவிசை கிடையாது.

அதற்காக நிம்மதியாகிவிட வேண்டாம். வெகு தூரத்திலிருந்து நீண்ட பாதையில் வருகிற வால்மீன்கள் பூமியை மோதினால் வினாடிக்கு 50 கிலோமீட்டர் வேகம் சாதாரணம். எதிர்த்திசையில் சுற்றும் ஹாலி போன்றவை என்றால் 70-ஐத் தொடும். பாறைத் துண்டுகளான சிறுகோள்கள் பொதுவாக 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரே எடையுள்ள சிறுகோளையும் வால்மீனையும் எடுத்துக்கொண்டால், வால்மீன் அடிக்கும் அடி ஆறு மடங்கு பலமானது. எண்ணிக்கையில்தான் அவை வெகு குறைவு. பூமிக்கு இருக்கும் மொத்த மோதல் அபாயத்தில் வால்மீன்களின் பங்கு மிகச் சிறியது. அடிக்கடி வந்து போகிறவை சிறுகோள்கள்தான்.

டைனோசர்களை அழித்தது வால்மீனா, சிறுகோளா? ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார்கள்.

சிறுகோள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், 10 கிலோமீட்டருக்குக் குறையாத ஒன்று மெக்சிகோவின் யுகடான் பகுதியில் விழுந்தது. சிக்சுலூப் என்று பெயர் பெற்ற அந்தப் பள்ளம் சுமார் 180 கிலோமீட்டர் அகலம். இப்போது பாதி கடலுக்கடியிலும் பாதி மண்ணுக்கடியிலும் புதைந்து கிடக்கிறது. 1980-இல் லூயிஸ் ஆல்வரெஸ், அவர் மகன் வால்டர் ஆகியோர் அடங்கிய குழு அந்தக் காலத்துக் களிமண் அடுக்கில் இரிடியம் அளவுக்கு மீறி இருப்பதைக் காட்டியது. பூமியின் மேற்பரப்பில் அரிதான உலோகம் அது, விண்கற்களில் தாராளமாக உண்டு.

வால்மீனாக இருக்கலாம் என்ற வாதம் பிறகும் வந்துகொண்டே இருந்தது. 2024-இல் அதே அடுக்கில் உள்ள ருத்தேனியம் என்ற உலோகத்தின் ஐசோடோப்புகளை, அதாவது எடையில் மட்டும் வேறுபடும் அணுக்களை, அளந்தார்கள். வியாழனுக்கு அப்பால் உருவான, கார்பன் மிகுந்த சிறுகோள் வகையோடு அவை ஒத்துப்போயின. வழக்கு முடிந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

வியாழன் பூமிக்குக் காவல்காரன், வால்மீன்களை எல்லாம் அது வாங்கிக்கொள்கிறது என்று படித்தேன். சரியா?

பாதி சரி. 1770-இல் லெக்செல் வால்மீன் என்று ஒன்று வந்தது. ஜூலை 1 அன்று பூமியிலிருந்து 22 லட்சம் கிலோமீட்டரில் கடந்து போனது. நிலா இருக்கும் தூரத்தைப் போல ஆறு மடங்குதான். பதிவான வரலாற்றில் இவ்வளவு நெருக்கமாக வந்த பெரிய வால்மீன் வேறில்லை. அதன் பாதையை ஆண்டர்ஸ் லெக்செல் பிற்பாடு ஆராய்ந்தார். 1767-இல் வியாழன்தான் அதை நம் பக்கம் திருப்பி அனுப்பியிருக்கிறது. 1779-இல் அதே வியாழன் மறுபடி எங்கோ தூக்கி வீசிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை. இப்படிப்பட்ட காவல்காரனை நல்லவன் என்பதா, கெட்டவன் என்பதா, நீங்களே சொல்லுங்கள்.

2024 ஒய்.ஆர்.4 சிறுகோள் மோத ஒரு சதவீதம் வாய்ப்பு என்றார்கள், அப்புறம் மூன்று சதவீதம் என்றார்கள், ஒரே வாரத்தில் பூஜ்யம் என்றார்கள். விஞ்ஞானிகளுக்கே ஒன்றும் தெரியவில்லை என்றுதானே அர்த்தம்?

கேள்வியில் இருக்கும் எரிச்சல் புரிகிறது. ஆனால் அந்த எண்கள் ஏறி இறங்கியது கணக்கு ஒழுங்காக வேலை செய்ததற்கு அடையாளம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது திரும்பத் திரும்ப வரப்போகிற செய்தி.

சிறுகோளைக் கண்டுபிடித்த புதிதில் அதன் பாதை துல்லியமாகத் தெரியாது. குறிப்பிட்ட நாளில் அது எங்கே இருக்கும் என்றால், இந்தக் கோட்டில் எங்காவது இருக்கும் என்றுதான் சொல்ல முடியும். அந்தக் கோட்டின் நீளம் பத்து லட்சம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டில் ஓரிடத்தில் பூமி, 13,000 கிலோமீட்டர் அகலத்துக்கு. வாய்ப்பு 1.3 சதவீதம். மேலும் சில இரவுகள் பார்த்து அளந்தபின் கோடு நான்கு லட்சம் கிலோமீட்டராகச் சுருங்குகிறது. பூமி இன்னும் அந்தக் கோட்டுக்குள்ளேயே இருந்தால் வாய்ப்பு 3 சதவீதத்துக்கு மேல் போய்விடும். சிறுகோள் நம் பக்கம் திரும்பவில்லை. நமக்குத் தெரியாதது குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த அளவீட்டில் கோடு இன்னும் சுருங்கி, பூமி கோட்டுக்கு வெளியே விழுந்துவிட்டால் வாய்ப்பு சட்டென்று பூஜ்யம்.

ஒய்.ஆர்.4 விஷயத்தில் நடந்தது இதுவேதான். 2032 டிசம்பர் 22-க்கான வாய்ப்பு 2025 பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதம் வரை போய், அடுத்த சில நாட்களில் தரை தட்டியது. 2004-இல் அபோஃபிஸ் என்ற சிறுகோளுக்கும் 2.7 சதவீதம் வரை போயிற்று. இப்போது அது மோதாது என்பது உறுதி. 2029 ஏப்ரல் 13 அன்று பூமியின் தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில் கடந்துபோகும். சில செயற்கைக்கோள்களைவிடக் கீழே. வெறும் கண்ணாலேயே பார்க்கலாம் என்கிறார்கள். அடுத்த முறை செய்தியில் சதவீதம் ஏறும்போது இரண்டு வாரம் பொறுத்திருங்கள்.

சினிமாவில் காட்டுகிற மாதிரி அணுகுண்டு வைத்துத் தகர்க்க முடியாதா?

தகர்த்தால் ஒரு பெரிய தோட்டாவுக்குப் பதில் பத்துச் சின்னத் தோட்டாக்கள். தள்ளிவிடுவதுதான் வழி. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபஸ் மீது வினாடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் வேண்டுமென்றே மோதியது. டிடிமாஸ் என்ற பெரிய சிறுகோளைச் சுற்றும் குட்டி நிலா அது. 11 மணி 55 நிமிடமாக இருந்த அதன் சுற்று 32 நிமிடம் குறைந்தது. 73 வினாடி குறைந்தாலே வெற்றி என்றுதான் திட்டமிட்டிருந்தார்கள்! மோதிய இடத்தை அருகில் போய்ப் பார்க்க 2024-இல் ஐரோப்பாவின் ஹெரா விண்கலம் கிளம்பியிருக்கிறது.

ஆனால் இந்த வித்தை பல ஆண்டு முன்கூட்டியே தெரிந்த சிறுகோளிடம் பலிக்கும். வால்மீனிடம் அவகாசம் கிடையாது. 2020-இல் வெறும் கண்ணுக்கே அழகாகத் தெரிந்த நியோவைஸ் வால்மீனை மார்ச் 27 அன்று கண்டுபிடித்தார்கள், ஜூலை 3 அன்று சூரியனைச் சுற்றிவிட்டது. மூன்று மாதத்துச் சொச்சம். அதற்குள் ஒரு விண்கலத்தை வடிவமைத்து, கட்டி, ஏவ முடியாது. இதற்கு உள்ள ஒரே நல்ல வழி, வெகு தூரத்திலேயே பார்த்துவிடுவது. சிலியில் 2025-இல் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் தொலைநோக்கியின் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். சில இரவுகளுக்கு ஒருமுறை தென்வானம் முழுவதையும் படம் எடுக்கும் கருவி அது.

செவ்வாயில் வால்மீன் மோதப் பார்த்ததாமே?

சைடிங் ஸ்பிரிங் வால்மீன், 2014 அக்டோபர் 19. செவ்வாயிலிருந்து 1.4 லட்சம் கிலோமீட்டரில் கடந்தது. பூமிக்கும் நிலாவுக்கும் உள்ள தூரத்தில் பாதிகூட இல்லை. நம் மங்கள்யான் அங்கே போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. தூசி வந்து அடிக்கும் என்று அங்கிருந்த விண்கலங்களை அந்த நேரத்தில் செவ்வாயின் மறுபக்கம் இருக்கும்படி நகர்த்தி வைத்தார்கள். எல்லாம் தப்பின.

1910-இல் ஹாலி வால்மீனின் வாலுக்குள் பூமி புகுந்தபோது விஷவாயு பரவியதா?

வாலில் சயனோஜென் என்ற விஷவாயு இருப்பதை நிறமாலையில் பார்த்துவிட்டு ஒரு பிரெஞ்சு வானியலாளர் சொன்ன சொல்லைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின. வால்மீன் மாத்திரை என்றுகூட விற்றார்கள். மே 18, 19 தேதிகளில் பூமி அந்தப் பக்கமாகக் கடந்தது, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆய்வுக்கூடத்தில் நாம் உண்டாக்கும் வெற்றிடத்தைவிட வாலில் காற்று குறைவு. மாத்திரை விற்றவர்களுக்கு மட்டும் லாபம்.

வெள்ளிக் கோள் ஒரு காலத்தில் வால்மீனாக இருந்ததாம். வியாழனிலிருந்து பிய்ந்து பூமியை உரசிவிட்டுப் போனதாம். இதற்கு ஆதாரம் உண்டா?

இல்லை. 1950-இல் வெலிகோவ்ஸ்கி என்ற எழுத்தாளர் கிளப்பிவிட்ட கதை. ஹாலி வால்மீனைப் போல இரண்டாயிரம் கோடி மடங்குக்கு மேல் எடை உள்ளது வெள்ளி. அவ்வளவு பெரிய கோள் மூன்றரை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பூமியை உரசியிருந்தால் நம் நிலா இருந்த இடத்தில் இருந்திருக்காது. வெள்ளி சூடாக இருக்கும் என்று அவர் சொன்னது பலித்தது என்பார்கள். அந்தச் சூட்டுக்குக் காரணம் அடர்ந்த கார்பன் டை ஆக்சைடு போர்வை. அவர் சொன்ன காரணம் வேறு.

வால்மீன்களை ஆராய்ந்தால் பிரபஞ்சம் தோன்றிய ரகசியம் தெரிந்துவிடும் என்கிறார்களே, எப்படி?

செய்திகளில் அடிக்கடி வரும் குழப்பம் இது. வால்மீன் சொல்வது சூரியக் குடும்பத்தின் பிறப்பை. அது சுமார் 460 கோடி ஆண்டுப் பழைய கதை. பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டு. வால்மீன் உருவானபோதே பிரபஞ்சத்தின் வயதில் மூன்றில் இரண்டு பங்கு கழிந்துவிட்டது. வீட்டின் கடைசிப் பிள்ளையைக் கூப்பிட்டுத் தாத்தாவின் கல்யாணத்தைப் பற்றி விசாரிக்க முடியுமா?

சரி, சூரியக் குடும்பத்தைப் பற்றியாவது நன்றாகச் சொல்கிறதா என்றால், சொல்கிறது. பூமியின் பாறைகள் உருகி, மடிந்து, மறுபடி உருகி, தங்கள் பழைய நினைவை இழந்துவிட்டன. வால்மீன்கள் பெரும்பாலான காலத்தைக் கடுங்குளிரில் கழிப்பதால் மாறாமல் இருக்கின்றன. ஐரோப்பாவின் ரொசெட்டா விண்கலம் 2014 ஆகஸ்டில் 67பி என்ற வால்மீனை அடைந்து இரண்டு ஆண்டுக்கு மேல் கூடவே இருந்தது. உயிர்களின் புரதங்களில் இருக்கும் கிளைசின் என்ற அமினோ அமிலத்தையும் பாஸ்பரசையும் அங்கே கண்டது. முன்னதாக ஸ்டார்டஸ்ட் விண்கலம் வைல்டு 2 என்ற வால்மீனின் தூசியைப் பிடித்து 2006-இல் பூமிக்குக் கொண்டுவந்தது. அதில் பெரும் வெப்பத்தில் மட்டுமே உருவாகும் தாதுக்கள் இருந்தன! பனிக்கட்டிக்குள் நெருப்பில் பிறந்த துகள். சூரியனுக்குப் பக்கத்தில் உருவானது குளிர் விளிம்பு வரை எறியப்பட்டிருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். இளம் சூரியக் குடும்பம் அமைதியான இடமாக இருந்திருக்கவில்லை.

ஆனாலும் பிரபஞ்சத்தின் தொடக்கத்துக்கும் வால்மீனுக்கும் ஒரு தொடர்பு உண்டு. வால்மீனில் பெரும்பகுதி தண்ணீர்ப் பனி. தண்ணீர் மூலக்கூறில் இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். அந்த ஹைட்ரஜனின் அணுக்கரு பிரபஞ்சத்தின் முதல் நிமிடங்களுக்குள்ளேயே உருவாகிவிட்டது. ஆக்சிஜன் வெகு காலம் கழித்து, ஏதோ ஒரு பெரிய விண்மீனின் வயிற்றுக்குள் வெந்து, அது வெடித்தபோது வெளியே வந்தது. எடைக் கணக்கில் தண்ணீரின் ஒன்பதில் ஒரு பங்கு, பிரபஞ்சத்தின் தொடக்கமான பெருவெடிப்பின் நேரடி மிச்சம். வால்மீனில் மட்டுமில்லை, நீங்கள் குடிக்கும் தண்ணீரிலும் அப்படித்தான்.

பெருவெடிப்பு நடந்ததற்கு என்ன சாட்சி? யார் பார்த்தார்கள்?

அதன் வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறோம். 1964-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் ஒரு பெரிய கொம்பு வடிவ ஆன்டெனாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும் ஒரு இரைச்சல். பகலிலும் அதே, இரவிலும் அதே. உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களைப் பிடித்து அப்புறப்படுத்தி, எச்சத்தைத் துடைத்தெடுத்தார்கள். இரைச்சல் போகவில்லை. பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகளில் வெளிப்பட்ட ஒளி, விரிந்து விரிந்து மைக்ரோ அலையாக ஆறிப்போன மிச்சம் அது. வெப்பநிலை மைனஸ் 270 டிகிரி செல்சியஸ். இருவருக்கும் 1978-இல் நோபல் பரிசு.

இன்னொரு சாட்சி ஹீலியம். சாதாரணப் பொருளின் எடையில் நான்கில் ஒரு பங்கு ஹீலியம். விண்மீன்களால் மட்டும் அவ்வளவு உருவாக்கியிருக்க முடியாது. முதல் சில நிமிடங்களின் சூட்டைக் கணக்கிட்டால் அந்தக் கால் பங்கு சரியாக வருகிறது. இந்தப் பொருத்தம்தான் என்னை அசைத்தது. புறாக் கதையைவிட இதுவே எனக்குப் பிடித்த சாட்சி.

எங்கே வெடித்தது என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். எல்லா இடத்திலும். வெளியே ஓரிடத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் வெடி இல்லை அது, இடமே விரிந்தது. அந்த இரைச்சல் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அளவில் வருவதற்கு அதுதான் காரணம்.

பெருவெடிப்பையும் வால்மீனையும் சேர்த்து ஆராய்ந்த விஞ்ஞானி யாராவது உண்டா?

நல்ல கேள்வி. பிரிட்டன் வானியலாளர் ஃப்ரெட் ஹாயில். பெருவெடிப்பு என்ற பெயரையே 1949-இல் பிபிசி வானொலியில் அவர்தான் வைத்தார், அதுவும் அதை ஏற்காத மனிதர். பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்பது அவர் கட்சி. அந்த வழக்கில் தோற்றார். ஆனால் கார்பனும் ஆக்சிஜனும் விண்மீன்களுக்குள் எப்படி உருவாகின்றன என்பதை விளக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. கூட வேலை செய்த ஃபௌலருக்கு 1983-இல் நம் சந்திரசேகரோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது, ஹாயிலுக்கு இல்லை. அது அநியாயம் என்பது என் கட்சி.

பிற்காலத்தில் இலங்கையில் பிறந்த சந்திர விக்ரமசிங்கவோடு சேர்ந்து, உயிர் வால்மீன்கள் மூலம்தான் பூமிக்கு வந்தது, ஃப்ளூ கிருமிகூட அங்கிருந்துதான் விழுகிறது என்று வாதிட்டார். கிருமி வாதத்தை மற்ற விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. ஆனால் வால்மீனில் உயிருக்கான மூலப்பொருள்கள் இருக்கும் என்ற பகுதி மட்டும், கிளைசின் அகப்பட்டபின், அவ்வளவு கிறுக்குத்தனமாகத் தெரியவில்லை.

பூமியின் கடல்நீர் வால்மீன் கொண்டுவந்ததுதானா?

கொஞ்சம் இருக்கலாம். கனமான ஹைட்ரஜனின் விகிதத்தை வைத்துத் தண்ணீரின் பூர்வீகத்தைப் பார்ப்பார்கள். 67பி-யில் அது கடல்நீரைப் போல மூன்று மடங்கு என்றது ரொசெட்டா. ஹார்ட்லி 2 என்ற வால்மீனிலோ கடலோடு ஒத்துப்போயிற்று. பிறகு 2024-இல் 67பி அளவீடுகளை மறுபடி அலசியவர்கள், தூசி கலந்ததால் விகிதம் கூடுதலாகக் காட்டியது என்றார்கள். சிறுகோள்கள்தான் பெரும்பங்கு கொண்டுவந்திருக்கும் என்ற பக்கம் நான் சாய்கிறேன்.

என் மகளுக்கு ஒன்பது வயது. வால்மீன் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். தொலைநோக்கி வாங்க வசதியில்லை. என்ன செய்வது?

தொலைநோக்கியே வேண்டாம் அம்மா, ஒரு கணினி போதும். 1995-இல் ஏவிய சோஹோ விண்கலம் சூரியனைச் சுற்றியுள்ள பகுதியைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதன் படங்களில் இதுவரை 5,000-க்கு மேல் வால்மீன்கள் அகப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தவர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்த சாதாரண ஆட்கள். படங்கள் இணையத்தில் இலவசம். சன்கிரேசர் திட்டம் என்று தேடினால் வழிமுறை கிடைக்கும்.

அடுத்தடுத்து எடுத்த ஐந்தாறு படங்களை வரிசையாக ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விண்மீன்கள் எல்லாம் ஒன்றாக இடமிருந்து வலமாக நகரும். ஒரே ஒரு படத்தில் மட்டும் பளிச்சென்று தெரிந்து அடுத்ததில் காணாமல் போகும் கீற்று, கேமராவில் பட்ட காஸ்மிக் கதிர், அதை விட்டுவிடலாம். எல்லாப் படங்களிலும் இருந்துகொண்டு, மற்ற விண்மீன்களோடு சேராமல், சூரியனை நோக்கிச் சீராக நகரும் மங்கலான புள்ளி இருந்தால் அதன் இடத்தை ஒவ்வொரு படத்திலும் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் சில வாரங்கள் கண்ணுக்கு எல்லாமே புள்ளியாகத்தான் தெரியும். ஏற்கனவே யாராவது அதே புள்ளியைக் குறித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். போட்டி அதிகம், படம் வந்த உடனே பார்ப்பவர்களுக்குத்தான் அகப்படும்.